நாத்தனாரின் காத்துக்கிழங்கு

என் நாத்தனாருக்கு மெஷின் என்றால் தெய்வம். அவளுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. மருத்துவமனை விரிப்புகளும் ஓட்டல் மேசைத்துணிகளும் மலைமலையாக வந்து இறங்கும். அவற்றை நீராவி உருளைக்குள் ஒரு பக்கம் விட்டு, மறுபக்கம் சூடாக வெளியே வருவதை மடித்து அடுக்க வேண்டும். "கையால தேய்ச்சா ஒரு நாளு, மெஷின்ல விட்டா ஒரு நிமிஷம்" என்பது அவளுடைய வேதவாக்கு. நான் மாவு பிசைந்துகொண்டிருந்தால் பக்கத்தில் வந்து நின்று, "அண்ணி, இதுக்கெல்லாம் மெஷின் வந்து எவ்வளவோ நாளாச்சு" என்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புருஷன் போன பிறகு அவள் எங்களோடு வந்து சேர்ந்தாள். பின்பக்க அறையைக் கொடுத்தோம். ஒரு கட்டில், ஒரு அலமாரி, பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். ஒரே அடுப்படியில் நானும் அவளும் எப்படிக் காலம் தள்ளப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, ரயில்வே கொட்டகைக்குப் பின்னால், ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுக்கிற பொதுத்தோட்டத்தில் அவளுக்கு ஒரு பங்கு நிலம் கிடைத்தது. லீவு நாளில் காலையில் போனால் இருட்டித்தான் வருவாள். நான் மனசுக்குள் தேங்காய் உடைத்தேன்.

அவளுக்குச் சர்க்கரை உண்டு. டாக்டர் உருளைக்கிழங்கைக் குறைக்கச் சொன்னதும், கூட வேலை செய்கிற ஒருத்தி, "அதுக்குப் பதிலா இதப் போடு" என்று ஒரு கை கிழங்கு கொடுத்தாள். ஜெருசலேம் ஆர்ட்டிசோக்காம். பேரில்தான் ஊர் இருக்கிறது. அந்த ஊருக்கும் கிழங்குக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சூரியகாந்திக்குப் பங்காளி. பார்க்க இஞ்சிக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கும். அதை வாங்கிக்கொண்டு போய் ஒரு மூலையில் புதைத்தாள்.

கோடை முடிவதற்குள் செடி என் வீட்டுக்காரரைத் தாண்டிவிட்டது. அவர் பஸ் ஓட்டுகிறவர், நல்ல வளர்த்தி. உச்சியில் சின்னச் சின்னதாக மஞ்சள் பூ. பனி விழுந்து தண்டெல்லாம் கருகிய பிறகு தோண்டினாள். பனி பட்டால்தான் இனிப்பு ஏறுமாம். கூடை நிறைய வந்தது. பச்சையாகக் கடித்தால் மொறுமொறுவென்றிருந்தது, வேகவைத்தால் இனிப்பு. வெங்காயத்தோடு வதக்கினேன். என் வீட்டுக்காரர் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஐயோ, அன்று சாயங்காலத்தை என்னவென்று சொல்ல! முதலில் வயிறு கடமுட என்றது. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து எழுந்து வெளியே போனோம். அவர் திரும்பி வந்து, "எதுக்கு டீசல் போட்டு பஸ் ஓட்டுறேன்? இதச் சாப்பிட்டு நானே ஓடலாம் போலருக்கு" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குக் காத்துக்கிழங்கு என்று பேர். எலுமிச்சை பிழிந்து நன்றாக வேகவிட்டால் கொஞ்சம் அடங்குகிறது என்று நான் கண்டுபிடித்ததெல்லாம் பிற்பாடுதான்.

மறுவருஷம் மூலையில் இருந்த செடி பாதி நிலத்தைப் பிடித்தது. தக்காளிக்கு இடமில்லை. கிழங்கு கொடுத்தவளே எச்சரித்தாள்: "கையால ஒவ்வொண்ணா எடுக்கணும். விரல் நகம் அளவு மிச்சம் இருந்தாலும் முளைச்சிடும்." யாரிடம் சொல்கிறாள்? கையால் செய்கிற வேலை என்றால் இவளுக்கு இளக்காரம் ஆயிற்றே. தோட்டத்துக் கொட்டகையிலிருந்து உழுகிற மெஷினை வாங்கி வந்தாள். குறுக்கும் நெடுக்குமாக ஓட்டினாள். கடைசியில் திருப்ப இடமில்லாமல் பக்கத்துப் பங்குக்குள்ளும் ஏறி இறங்கித் திரும்பினாள். வீட்டுக்கு வந்து, "ஒரு மணி நேரத்துல சட்னி ஆக்கிட்டேன் அண்ணி" என்றாள்.

சட்னிதான் ஆக்கியிருந்தாள். வசந்தத்தில் அந்தச் சட்னியின் ஒவ்வொரு துண்டும் முளைத்தது.

பக்கத்துப் பங்கு ஒரு கடிகாரக்காரருடையது. ஆயுசு முழுக்கக் கடிகாரம் பழுது பார்த்துவிட்டு ஓய்வில் இருந்தார். தனிக்கட்டை. வெங்காயம் மட்டும்தான் போடுவார். நூல் கட்டி, ஸ்கேல் வைத்து அளந்து நடுவார். அந்த வரிசைகளுக்கு நடுவில் இஷ்டத்துக்குக் காத்துக்கிழங்கு தலை நீட்டினால் மனுஷன் சும்மா இருப்பாரா? நேரே தோட்டச் செயலாளரிடம் போனார். செயலாளர் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த வசந்தம் வரைக்கும் டைம் தர்றேம்மா. அப்ப அவர் பங்குல ஒரு முளை தெரிஞ்சாலும் உங்க நிலத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவோம்" என்று சொல்லிவிட்டார்.

அன்று அவள் சாப்பிடவில்லை. நான் தட்டோடு பின்னறைக்குப் போனேன்.

"போனா போகட்டும், விடு. கடையில கிடைக்காத கிழங்கா?" என்றேன்.

"கிழங்குக்கா அழறேன்? இந்த வீட்டுல ஒரு ஆணி அடிக்கணும்னாலும் உங்களக் கேக்கணும் அண்ணி. அங்க யாரையும் கேக்க வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. நானா ஆணி அடிக்க வேண்டாம் என்றேன்? சண்டைக்குத்தான் வாய் துடித்தது. ஆனால் அந்தச் சுவரைப் பார்த்தேன். ஒரு காலண்டர்கூட இல்லை. தட்டை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அவள் தோண்டினாள். கடிகாரக்காரர் முதலில், "உங்க கால் என் மண்ணுல படக்கூடாது" என்று விரட்டினார். பிறகு தானே மண்வெட்டி போட்டு, எடுத்ததைவிட உடைத்தது அதிகமானதும் வழிக்கு வந்தார். "மெஷின் கூடாது. மண்வெட்டி கூடாது. கைதான்" என்று நிபந்தனை போட்டார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கடிகாரம் பழுது பார்க்கிற லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, அவள் சலித்த மண்ணைப் பிடிப்பிடியாக வாங்கிப் பார்ப்பார்.

நான் மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் இரண்டு பேரும் எலியும் பூனையுமாகத்தான் இருப்பார்கள்.

"அதோ ஒண்ணு. கண்ணு எங்க வெச்சிருக்கீங்க?"

"அது கல்லுங்க."

"கல்லா? கல்லுக்கு வேர் இருக்குமா?"

"நீங்க இறங்கி எடுங்களேன்."

"மெஷின ஏத்துனது நானா?"

எடுத்த கிழங்கு வீணாகக் கூடாது, மண்ணை விட்டு வெளியே வந்தால் இரண்டே நாளில் சுருங்கிவிடும் என்று நான் அதிலேயே சூப் வைத்து அவருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோவேன். முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். மறுவாரம், "ராத்திரி பூரா வயித்துக்குள்ள அலாரம் அடிச்சுது" என்று புகார் சொல்லிக்கொண்டே கிண்ணத்தை நீட்டினார். நாங்கள் எவ்வளவு சீக்கிரம் போனாலும் அவர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருப்பார். அவரைப் பார்க்க வேறு யாரும் வந்தும் நான் பார்த்ததில்லை.

அவளும் மாறித்தான் போனாள். விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஒருநாள் மாவு பிசைந்துகொண்டிருந்த என் கையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வழக்கமான பாட்டுத்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். "தள்ளுங்க அண்ணி, நான் பிசையறேன்" என்றாள்.

வசந்தம் வந்தது. செயலாளர் பார்வையிட வந்த அன்று நானும் போனேன். அவள் பங்கில் ஒரு மூலையில் மட்டும், தகரம் புதைத்து வேலி கட்டிய இடத்துக்குள், நாலு செடி விட்டிருந்தாள். அதற்குத் தடையில்லை. செயலாளர் கடிகாரக்காரர் பங்கை வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். முதல் வரிசை சுத்தம். அடுத்ததும் சுத்தம். கடைசி வரிசையில் இரண்டு வெங்காயத்துக்கு நடுவில் நின்றது ஒரு முளை. தடித்த, சொரசொரப்பான இலை. குருடனுக்கும் தெரியும் அது என்ன என்று.

என் நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செயலாளர் குனிந்தார், நிமிர்ந்தார், "அம்மா..." என்று ஆரம்பித்தார்.

"அது நான் நட்டது" என்றார் கடிகாரக்காரர்.

"நீங்களா? நீங்கதானே சார் புகார் குடுத்தீங்க?"

"குடுத்தேன். அது தானா வந்ததுக்கு. இது நான் வெச்சது. என் மண்ணுல நான் எத வேணா வெப்பேன். உங்களுக்கு என்ன?"

செயலாளர் அவரையும் முளையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வாய்க்குள் ஏதோ முனகிக்கொண்டு அடுத்த பங்குக்குப் போய்விட்டார்.

அவர் தலை மறைந்ததும் நாத்தனார் கேட்டாள்: "நெஜமாவே நீங்க நட்டதா?"

"வெங்காயத்துக்கு நடுவுல எவனாவது கிழங்கு வெப்பானா? உங்களுக்குத்தான் கண்ணு தெரியல, தோண்டுறப்ப விட்டுட்டீங்க." லென்ஸைத் துடைத்துப் பைக்குள் போட்டார். "குளிர்காலத்துல வந்து தோண்டுங்க. சூப்பும் கொண்டு வாங்க."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேகமாகத் தலையை ஆட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கை கால் கழுவப் போனாள். நான் சுத்தியலையும் ஆணி டப்பாவையும் எடுத்துப் போய் அவள் கட்டிலில் வைத்தேன். அவள் வந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க வேணாலும் அடிச்சுக்கோ. என்னக் கேக்காத" என்றேன்.

சுத்தியலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னாலேயே போவதற்குள் டொக் டொக் என்று சத்தம் வந்துவிட்டது. பின்னறையில் இல்லை, என் அடுப்படியில்! போன மாதம் வெள்ளையடித்த சுவரில், என் ஏப்ரன் தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் அடித்து, மண் ஒட்டிய தன் தோட்டத்துக் கோட்டை மாட்டினாள். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டு மாவுப் பாத்திரத்தை அவள் பக்கம் தள்ளினேன்.