நான் குடித்தது பார்லி

நீங்கள் பொய் சொன்னீர்கள், அண்ணை. தெரியாமல் சொன்ன பொய் அல்ல. என் கோப்பையில் என்ன இருந்தது என்று நன்றாகத் தெரிந்துகொண்டே, ஒலிவாங்கியின் முன்னால் நின்று, கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்.

வாசிக்கிறவர்களுக்கு நான் யாரென்று தெரியாது. அதனால் முதலில் என்னை அறிமுகப்படுத்துகிறேன். இதுவரை என்னை நாலு பேருக்கு அறிமுகப்படுத்தியவர் நீங்கள்தான். இந்த முறை நானே செய்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் பிறந்தேன். கலியாணம் முடித்து இத்தாலிக்கு, சிசிலித் தீவில் இருக்கிற பலெர்மோவுக்கு வந்தேன். முப்பது வயது இன்னும் ஆகவில்லை. கணவர் ஒரு உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறார். நான் பொலித்தியாமா நாடக அரங்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவின், ஒரு இத்தாலிய அம்மாவின், வீட்டைத் துடைத்து, அவருடைய தாயைக் குளிப்பாட்டி, சாப்பாடு தீத்துகிறேன். பிரான்காச்சோவில், லிஃப்ட் வேலை செய்யாத மாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். நாங்கள் இருவரும் மோர்மன், அமெரிக்காவில் தொடங்கிய ஒரு கிறிஸ்தவ சபை.

இதைத் தமிழரிடம் சொன்னால் முதலில் வருகிற கேள்வி, "அப்ப உம்மடை மனுசனுக்கு எத்தினை பெண்சாதி?"

"ஒண்டுதான். அதுவே அவருக்குக் கூடிப்போச்சு" என்று சொல்லிவிட்டு வருவேன்.

மோர்மன்கள் பல பெண்சாதி கட்டியது பழைய கதை. எங்களை மற்றவர்களிடமிருந்து பிரிப்பது அதுவல்ல, தேத்தண்ணி. நாங்கள் தேத்தண்ணி குடிப்பதில்லை. கோப்பியும் இல்லை. எங்கள் மார்க்கத்தில் அது கட்டளை. கேட்க மிகச் சின்ன விஷயம். ஆனால் யாழ்ப்பாணத்து ஆட்களின் வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். அந்த வீட்டோடு கோபம் என்றுதான் அர்த்தம். ரயில் ஸ்தாசியோனேக்குப் பின்னால் இருக்கிற என் மச்சாளின் தகப்பன் ஊரில் இறந்துபோனார். இஞ்சை இருந்தபடி அழுதுகொண்டிருந்த அவளைப் பார்க்கப் போனேன். எல்லோருக்கும் தேத்தண்ணி வந்தது. நான் கை நீட்டவில்லை.

"செத்த வீட்டுத் தேத்தண்ணியையும் வேண்டாமெண்டுறாய். எங்கடை கையிலை என்ன நஞ்சோ இருக்கு?"

"இல்லை மச்சாள், எனக்குப் பச்சைத் தண்ணி தாங்கோ."

"பச்சைத் தண்ணிக்கு றோட்டிலை குழாய் இருக்கு. அங்கை போய்க் குடி."

அதோடு முடிந்தது. அந்த வீட்டிலிருந்து பிறகு ஒரு பிறந்தநாளுக்குக்கூட எங்களைக் கூப்பிடவில்லை. ஒரு வீடு விட்டால் மற்ற வீடுகளும் விடும். இந்த ஊரில் தமிழருக்குத் தமிழர்தான் துணை. அதை நான் அந்தக் கோப்பையோடு தள்ளி வைத்தேன்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று வாசிக்கிறவர்கள் கேட்பார்கள். என் பிள்ளைக்காக.

பெண் பிள்ளை. மாதம் நிறையுமுன்னே பிறந்தாள். ஒரு நாள் முழுதாக இருக்கவில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டுத் தொடச் சொன்னார்கள். என் விரலைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டாள். பெயர் வைத்திருந்தோம், அதை இங்கே எழுத மாட்டேன். இங்கேயே புதைத்தோம். வந்த பெண்கள் எல்லோரும் ஒரே வசனத்தைச் சொன்னார்கள். "இளம் பிள்ளைதானே நீ, அடுத்தது தங்கும்." எனக்கு அடுத்தது வேண்டாம். அவள்தான் வேண்டும்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், அண்ணை. கணவருக்கு பெர்மெசோ, இந்த நாட்டில் தங்குகிற அனுமதி, எடுக்க, குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் அவரோடு வரிசையில் நின்றவர் என்ற அளவில்தான் எனக்கு உங்களைத் தெரியும். உங்கள் மனைவி அவித்துத் தந்த இடியப்பத்தை மேசையில் வைத்தீர்கள். என் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"தங்கச்சி, உன்ரை பிள்ளை போகேல்லை. உனக்கெண்டே இருக்கு. ரோமிலை எங்கடை ஆலயம் இருக்கு. அங்கை போனால் தாய் தேப்பன் பிள்ளை எண்டு காலத்துக்கும் சேர்த்துக் கட்டுவினம். சாவுகூட பிரிக்கேலாது."

மற்றவர்கள் எல்லோரும் அவளை மறக்கச் சொன்னார்கள். நீங்கள் மட்டும் அவள் இருக்கிறாள் என்றீர்கள். நான் உங்கள் பின்னால் வந்தேன். தண்ணீரில் முங்கி ஞானஸ்நானம் எடுத்தேன். தேத்தண்ணியை விட்டேன். நெற்றியில் வைத்த திருநீற்றை விட்டேன். சிஞ்ஞோராவின் வீட்டில் காலையில் கோப்பி வாசம் வரும்போது தலையிடிக்கும். அதற்கும் நீங்களே வழி சொன்னீர்கள். இங்கே கோப்பிக் கடைக்குப் பெயர் பார். "பாருக்குப் போனால் ஒர்சோ எண்டு கேள். வறுத்த பார்லி. பார்க்கக் கோப்பி மாதிரித்தான் இருக்கும். எங்களுக்குத் தடையில்லை." சொன்னது நீங்கள், அண்ணை. வேறு யாருமில்லை.

புதிதாக யாராவது சபைக்கு வந்தால் என்னை எழுப்பி நிறுத்துவீர்கள். "தங்கச்சி, உன்ரை கதையைச் சொல்லு." நான் தமிழில் ஒரு வசனம் சொல்வேன். நீங்கள் இத்தாலிய மொழியில் நாலு வசனம் சொல்வீர்கள். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். தமிழ் நீளமான மொழி என்று அவர்களிடம் சிரிப்பீர்கள். எனக்குப் பாஷை பிடிபட்ட பிறகுதான் அந்த நாலு வசனமும் என்னவென்று எனக்கு விளங்கியது. பிள்ளை இறந்த அன்று வெள்ளை உடுப்புப் போட்ட ஒருவர் என் கனவில் வந்தாராம். என்னை இந்த மார்க்கத்துக்கு அழைத்தாராம். அன்றைக்கு எனக்கு நித்திரையே இல்லை. கனவு எங்கிருந்து வரும்?

வேறு ஊரிலிருந்து விருந்தினர் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் என்னை வழக்கம்போல் கூப்பிட்டீர்கள். நான் உங்களுக்காகக் காத்திராமல் இத்தாலிய மொழியில் நானே பேசினேன். எனக்கு ஒரு கனவும் வரவில்லை. சமாதானமும் வரவில்லை. என் பிள்ளையை என்னோடு சேர்த்துக் கட்டலாம் என்றார்கள், அதற்காக வந்தேன், அதற்காகவே இருக்கிறேன். இவ்வளவுதான் சொன்னேன். ஒருவரும் கண்ணைத் துடைக்கவில்லை.

வெளி விறாந்தையில் என்னை மறித்தீர்கள்.

"சபையிலை என்னை வெக்கப்படுத்திப் போட்டாய்."

"நான் உங்களைப் பற்றி ஒண்டும் கதைக்கேல்லையே அண்ணை."

"கனவு வந்தால் என்ன, வராட்டில் என்ன? அதாலை ஆருக்கு நட்டம்?"

"எனக்கு."

"வாய் நீண்டுபோச்சு உனக்கு."

அடுத்த கிழமை நான் போர்கோ வெக்கியோ சந்தையில் சிஞ்ஞோராவின் தாய்க்கு மீன் வாங்கிவிட்டு பாருக்குள் போனேன். பார்க்காரன் வழக்கம்போலப் பகிடி பண்ணினான். ஒர்சோ குடிக்கிறது வருத்தக்காரரும் கிழடுகளும்தானாம், உனக்கு இதில் எது என்று கேட்டான். அப்போது நீங்கள் வந்தீர்கள். பழைய கோபம் முகத்தில் இல்லை.

"என்ன தங்கச்சி, இண்டைக்கும் பார்லித் தண்ணியோ?"

"ஓம் அண்ணை."

"எனக்கும் ஒண்டு சொல்லு."

நீங்களும் அதே மெஷினில் அதையே வாங்கி, என் பக்கத்தில் நின்று குடித்தீர்கள். மீன் என்ன விலை என்று கேட்டீர்கள். நல்லாயிருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். நான் மடைச்சி, நீங்கள் கோபத்தை விட்டுவிட்டீர்கள் என்று நினைத்தேன்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம். தண்ணீரும் குடிக்க மாட்டோம். அன்றைக்குப் பிரசங்கம் கிடையாது. விரும்பியவர் எழும்பிப் போய் ஒலிவாங்கியில் சாட்சி சொல்லலாம். யாரும் குறுக்கே பேசக் கூடாது. பசியோடு சொல்கிறது உண்மையாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நம்புகிற நாள் அது. நீங்கள் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தீர்கள்.

பெயர் சொல்லவில்லை. கெட்டித்தனம். "ஒரு சகோதரி, எங்கள் நாட்டவள், போர்கோ வெக்கியோவில் பாரில் நின்று கறுப்புக் கோப்பையைத் தூக்கிக் குடிப்பதை என் கண்ணால் பார்த்தேன். அவளும் ஆலயத்துக்குப் போகக் கேட்கிறாள். அவளுக்காக மன்றாடுங்கள்." கோப்பி என்ற சொல்லைக்கூட நீங்கள் வாயில் எடுக்கவில்லை. சபையில் எங்கள் நாட்டுப் பெண்கள் மூன்று பேர். ஒருத்தி உங்கள் மனைவி. மற்றவள் வயதுபோனவள், தனியாக வெளியே போக மாட்டாள். தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. உங்கள் மனைவி மட்டும் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சபையார் சேர்ந்து ரோம் ஆலயத்துக்குப் போகிற பயணம் கிட்ட வந்திருந்தது. போக அனுமதி வேண்டும். தருகிறவர் பிஷப். எங்கள் பிஷப் பாதிரியார் அல்ல, யன்னல் செய்து விற்கிற சிசிலிக்காரர், பொல்லாத மனுசனும் அல்ல. அது ஒர்சோ என்று சொன்னேன். பார்க்காரனைக் கேளுங்கள் என்றேன். அவர் கையைப் பிசைந்தார். மூத்த சகோதரர் பொய் சொல்ல மாட்டார், நீயும் பொய் சொல்கிறாய் என்று நான் நினைக்கவில்லை, மனஸ்தாபம் ஆறட்டும், அடுத்த பயணத்தில் பார்ப்போம் என்றார்.

சபையார் கப்பலேறி நாப்போலி போய், அங்கிருந்து பஸ்ஸில் ரோமுக்குப் போனார்கள். நாங்கள் போகவில்லை. இறந்த பிள்ளையைச் சேர்த்துக் கட்டும்போது, பிள்ளைக்குப் பதிலாக வேறொருவர் முழந்தாளிட்டு எங்கள் கையைப் பிடிப்பார். சபையில் ஒரு இளம் பெண் என் மகளுக்காக முழந்தாளிட ஒப்புக்கொண்டிருந்தாள். தனக்கு வெள்ளை உடுப்புக்கூடத் தைத்து வைத்திருந்தாள். திரும்பி வந்தபோது என்னைக் கட்டிப்பிடித்து, அடுத்த முறை என்றாள். அடுத்த முறை அவள் இங்கே இருக்க மாட்டாள். ஊழியத்துக்கு வெளிநாடு போகிறாள்.

கணவரிடம், "நீங்கள் போய் அண்ணையோடை கதையுங்கோ" என்றேன்.

"விடு. அவரில்லாட்டில் எனக்கு பெர்மெசோ இல்லை. என்னெண்டு அவரோடை கொழுவுறது?"

"பிள்ளை எனக்கு மட்டுமோ பிறந்தது?"

அவர் கழுவி வைத்த சட்டியை எடுத்துத் திரும்பவும் கழுவினார். நாள் முழுக்கச் சட்டி கழுவுகிற மனுசன்.

இவ்வளவு நடந்தும் ஏன் அங்கே போகிறாய் என்று மச்சாள் ஆளனுப்பிக் கேட்டாள். திரும்பி வந்தால் தேத்தண்ணி போட்டுத் தருவாளாம். நான் விட்டுவிட்டு வந்தால் என் பிள்ளை யாருடையவள்? வாசிக்கிறவர்களே, நீங்கள் இதை நம்ப வேண்டியதில்லை. நான் நம்புகிறேன். ரோமில் அந்த அறையில் கை பிடிக்காதவரை அவள் என்னோடு கட்டப்படாதவள். அதை எனக்குச் சொல்லித் தந்தவரே கதவையும் சாத்தினார்.

அண்ணை, வீட்டுக்கு வந்து தனியாகக் கதைக்கப் பார்க்காதீர்கள். உங்கள் மனைவியிடம் இடியப்பம் குடுத்தனுப்பாதீர்கள். கணவருக்கு போன் எடுக்காதீர்கள். எல்லோர் முன்னாலும் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும்தான் பதில் வேண்டும். வருகிற முதல் ஞாயிறு நானும் தண்ணீர்கூடக் குடிக்காமல் முன் வரிசையில் இருப்பேன். அதே ஒலிவாங்கிக்குப் போங்கள். கண்ணைத் திறந்துகொண்டு, என்னைப் பார்த்து, இத்தாலிய மொழியிலும் தமிழிலும் சொல்லுங்கள்: அந்தக் கோப்பையில் என்ன இருந்தது? என் பக்கத்தில் நின்று நீங்கள் குடித்த கோப்பையில் என்ன இருந்தது?