பிறை தெரியாததால் நான் சுட்ட ரொட்டி

கண்டியில் நான் வேலை செய்யும் ஹோட்டலில், யார் எந்த நேரம் வேலைக்கு வரவேண்டும் என்று ரோஸ்டர் போடுவது என் பொறுப்பு. கடதாசியில் போட்ட காலம் போய், கம்பியூட்டருக்கு வந்து, இப்போது அதற்குள்ளே ஒரு ஏஐ ஏஜென்டும் வந்து குந்திக்கொண்டது. நாம் எழுதிச் சொன்னால் போதும், அதுவே எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிடும் என்று மனேஜர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஏஜென்ட் என்றாலே எங்கள் பக்கத்து ஆட்கள் பாஸ்போர்ட்டைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். வெளிநாட்டு வேலை என்று கூட்டிப்போய், விமான நிலைய வாசலில் நிற்கவைத்துவிட்டுக் காணாமல் போன ஏஜென்ட்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம்.

அதிலும் இது மரியாதையாகப் பேசுகிற ஏஜென்ட். தமிழில் எழுதினால் தமிழிலேயே, வானொலிச் செய்தி மாதிரி, 'தாங்கள்', 'தயவுசெய்து' என்று பதில் வரும். இப்படியொரு மரியாதை என் வீட்டில் காசு கேட்கிற நாளில் மட்டும்தான் கிடைக்கும்.

சொன்னதையெல்லாம் நம்புகிற ஜென்மமா என்று பார்க்க ஒரு பொறி வைத்தேன். ஊழியர்களின் திறமைகளைப் பதிகிற இடத்தில், என் பெயருக்கு நேரே 'தேங்காய் ரொட்டி, கட்டச் சம்பல், காலைச் சமையலில் கைதேர்ந்தவர்' என்று போடச் சொன்னேன். நான் வெந்நீர் வைத்தாலே அடிப்பிடிக்கும். 'மிக நன்று, பதிவுசெய்துவிட்டேன்' என்றது. மாட்டிக்கொண்டாயா என்று சிரித்துவிட்டு அதை மறந்தும் போனேன்.

அடுத்தது வருஷத்து விடுமுறைகளைச் சேர்ப்பது. பௌர்ணமிப் போயா, பொங்கல், பெரிய வெள்ளி எல்லாவற்றையும் ஒரு மூச்சில் போட்டது. சுவர்க் கலண்டரில் விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிழையே இல்லை. அதுதான் எனக்குப் பெரிய சந்தேகம். கடைசியில் அது ஒரு கேள்வி கேட்டது: நோன்புப் பெருநாள் பிறையைப் பொறுத்தது, ஒரு நாள் தள்ளிப் போகலாம், மறுநாளுக்கும் ஆள் ஒழுங்குசெய்து வைக்கட்டுமா?

இங்கேதான் கள்ளன் வெளியே வருகிறான் என்று நினைத்தேன். இரண்டு நாளையும் கையில் வைத்துக்கொண்டு என்னவோ விளையாடப் பார்க்கிறது. கலண்டரில் உள்ள நாளையே உறுதியாகப் போடு, கேள்வி வேண்டாம் என்று அடித்தேன்.

'தங்கள் விருப்பப்படியே' என்றது.

அந்த நாள் எங்கள் சமையல்காரருக்கு முக்கியமானது; நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவோம். அவர் திகனக்காரர். ஒவ்வொரு பெருநாளும் விடிய வந்து, தங்கியிருப்பவர்களுக்கு ரொட்டி சுட்டுப் போட்டு, ஊரில் தொழுகை முடிந்த பிறகுதான் வீட்டுக்குப் போவார். இந்த முறை கட்டாரில் இருக்கும் மகன் பல வருஷத்துக்குப் பிறகு லீவில் வந்திருந்தான். அவனோடு சேர்ந்து தொழுகைக்குப் பள்ளிக்குப் போகவேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒங்க பெருநாள் என் கையில நானா. கவலப்படாதீங்க," என்றேன்.

"அதுதான் தம்பி பயமா ஈக்கி."

அந்த ஒரு நாளுக்குக் கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு சமையல்காரரைப் பேசி வைத்தேன்.

பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் மலை முழுக்க ஒரே மேகம். நானா குசினியில் நோன்பு திறந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது ரேடியோவில் அறிவித்தார்கள். நாட்டில் எங்கேயும் பிறை தென்படவில்லை. நாளைக்கும் நோன்பு, பெருநாள் அதற்கு அடுத்த நாள்.

நானா கோப்பையைக் கீழே வைத்தார். "அப்ப நாளைக்கு நான் வாரேன் தம்பி. நாளண்டைக்கும் நான்தானே?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் சும்மா கேட்டார்.

கம்பியூட்டர் இருக்கும் கந்தோருக்கு ஓடினேன். கட்டுகஸ்தோட்டைக்காரருக்குப் போன் எடுத்தால், தள்ளிப்போன பெருநாளன்று அவருக்குக் கல்யாண வீட்டுச் சமையலாம். வேறு வழியில்லாமல் ஏஜென்டுக்கு எழுத உட்கார்ந்தேன். அவசரத்தில் எழுத்தெல்லாம் இரண்டிரண்டாக விழுந்தது. பெருநாளைத் தள்ளச் சொன்னால் இது வெசாக்கையும் சேர்த்துத் தள்ளிவிடுமோ, சித்திரைப் புத்தாண்டே இல்லாமல் பண்ணிவிடுமோ என்று வேர்த்துக் கொட்டியது. அது பெருநாளையும் நானாவின் லீவையும் மட்டும் பதமாக நகர்த்திவிட்டு எழுதியது: 'அன்று காலைச் சமையலுக்கு ஆள் இல்லை. இத்திறமை உள்ள ஊழியர் ஒருவர் அன்று ஓய்வில் உள்ளார். அவரை நியமிக்கட்டுமா?'

கீழே என் பெயர்.

இது பழிவாங்குகிறது என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. மனேஜருக்குப் போன் எடுத்து, ஏஜென்ட் என்னைச் சமைக்கப் போடப் பார்க்கிறது என்று முறையிட்டேன். இப்படி ஒரு திறமையை இத்தனை நாள் மறைத்துவிட்டீர்களே என்று அவர் பூரித்துப்போனார். வேண்டாம் என்று அடிக்க விரல் போனது. குசினியில் நானா தன் கோப்பையைக் கழுவுகிற சத்தம் கேட்டது. சரி என்று அடித்தேன்.

பெருநாள் காலையில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் நின்றேன். நானா முதல் நாளே தேங்காய் துருவி, சம்பலும் இடித்து வைத்துவிட்டுப் போயிருந்தார். மா பிசைந்து சுடுவது மட்டும்தான் என் தலையில். பள்ளிக்குப் புறப்படுமுன் போன் எடுத்தார். பின்னால் மகன் அவசரப்படுத்துவது கேட்டது.

"மாவுக்கு உப்புப் போட்டீங்களா தம்பி?"

"போட்டேன் நானா. நீங்க மகனோட போங்க."

போடவில்லை. ரொட்டிகள் ஏற்கெனவே கல்லில் கிடந்தன. நல்லவேளை, சம்பலில் இருந்த உப்பு ரொட்டிக்கும் சேர்த்துப் போதுமாக இருந்தது. உப்புக் குறைத்துச் சமைப்பது உடம்புக்கு எவ்வளவு நல்லது என்று ஒரு ஜெர்மன்காரி என்னைப் பாராட்டி, இன்னொன்று கேட்டு வாங்கினாள்.

மத்தியானம் நானாவின் மகன் பெருநாள் இனிப்பான வட்டிலப்பத்தோடு வந்தான். வாப்பா இந்தப் பெருநாள்தான் பெருநாள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாராம். அதைத் தின்றுகொண்டே ஏஜென்டிடம், என் பெயரிலிருந்து அந்தத் திறமையை நீக்கு என்றேன்.

'இப்பணியைத் தாங்கள் இன்றுதான் நிறைவுசெய்தீர்கள். உறுதியாக நீக்கட்டுமா?'

திரையை உற்றுப் பார்த்தேன். சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது. வாயில் வட்டிலப்பம் இருந்தபடியால் சண்டை போட முடியவில்லை. இருக்கட்டும், ஆனால் அடுத்த வருஷப் பெருநாளுக்கு இரண்டு நாளுக்கும் இப்போதே ஆள் பார் என்று அடித்தேன்.

'தங்கள் விருப்பப்படியே' என்றது. இரண்டாவது நாளுக்கு யாரைப் போட்டிருக்கிறது என்று நான் இன்னும் திறந்து பார்க்கவில்லை.