வேண்டாம் என்று சொல்லக் காத்திருந்தவள்

வாசலை ஏற்கெனவே ஒருமுறை கூட்டியாகிவிட்டது. சசிரேகா மறுபடியும் கூட்டுகிறாள். கை துடைப்பத்தில் இருந்தாலும் கண் சாலைக்கு அந்தப் பக்கம், இன்பமேரி வீட்டு முன்னால் நிற்கும் வெள்ளை ஜீப்பில் இருக்கிறது. அந்த ஜீப் கிளம்பும்வரை இவள் வாசலில் குப்பை தீராது.

கிளியூர் போகிற வழியில் அவளுக்கு ஒரு பழக்கடை உண்டு. பட்டர் ஃப்ரூட்டை அமுக்கிப் பார்க்கிற டூரிஸ்டுகளை, "அமுக்காதீங்க சாமி, அதுக்கும் வலிக்குமுல்ல" என்று சிரித்தபடியே அடக்குவாள். எடை போட்ட பிறகு ஒரு பழத்தைக் கூடுதலாக மேலே வைப்பாள். வைத்துவிட்டு வாங்குகிறவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் கவனிக்கவில்லை என்றால் சத்தமில்லாமல் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வாள்.

ஊராட்சித் தலைவர் பதவி இந்த முறை பெண்களுக்கு என்று ஆனதும் துணிந்து நின்றாள். எதிர்த்து நிற்பவள் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மனைவி இன்பமேரி. இருவரும் ஒரே மகளிர் குழுவில் பல வருடமாகத் தோளோடு தோள் உட்கார்ந்தவர்கள். அத்தனை வருடமும் சசிரேகாவின் நெஞ்சுக்குள் யாரோ ஒரு கனலை ஊதிக்கொண்டேயிருந்தார்கள். குழுவுக்கு வருகிற அதிகாரிகள் பேச்சைத் தொடங்குவது இன்பமேரியிடம்தான். மலைச்சாலையில் பஸ் டிரைவர் கேட்காமலே நிறுத்துவதும் இன்பமேரிக்குத்தான்.

மேலே இருக்கிற ரிசார்ட்டுக்குப் புதுக் கட்டடம் கட்ட வேண்டும், தண்ணீருக்கு இன்னும் ஆழமாக போர்வெல் போட வேண்டும். அதற்குத் தலைவரின் தயவு வேண்டும். கோடையில் பெண்கள் குடத்தோடு அலைவதே அந்த போர்வெல்களால்தான் என்பது ஊர்ப் பேச்சு. அதனால் மனு தாக்கல் செய்த அன்றே பஸ் ஸ்டாப்பில் நின்று சசிரேகா அறிவித்துவிட்டாள்: "ரிசார்ட்டுக்காரங்க காசு நம்ம ஊட்டுப் படி ஏறாதுங்க."

ஏறத்தான் இல்லை. ரிசார்ட்டின் வெள்ளை ஜீப் எதிர்வீட்டுக்கே போனது. அது இரண்டாம் முறை போன அன்று, பணமாக வாங்குவதுதான் தப்பு, நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் அது வெறும் உதவிதான் என்று கடையில் நியாயம் சொன்னாள். மூன்றாம் முறைக்குப் பிறகு, ஊருக்கு நல்லது செய்ய வருகிறவர்களை வாசலோடு அனுப்புவது மரியாதையா என்று கேட்டாள். சாயங்காலமானால் நல்ல சேலை உடுத்தி, காபிக்குப் பால் எடுத்துவைத்துக் காத்திருந்தாள். ஒருவரும் வரவில்லை. பாலைப் பூனைக்கு ஊற்றினாள்.

பிறகுதான் இன்பமேரி பணத்தை மறுத்துவிட்ட செய்தி பரவியது. தண்ணீர்க் குழாயடியில் அவளை வாயாரப் புகழ்ந்தார்கள். சசிரேகா அன்றே பழைய வார்த்தைக்குத் திரும்பினாள். தொட மாட்டேன், எந்தக் காலத்திலும் தொட மாட்டேன் என்று வீட்டுக்குள்ளும் முழங்கினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் கணவன் வெங்கடேஷ் நிமிராமலே கேட்டான்: "உங்கிட்ட எவன் குடுத்தான் புள்ள, நீ வேண்டாங்கறதுக்கு?"

அவன் தட்டில் ஊற்ற எடுத்த குழம்பை அவள் திரும்ப அடுப்படிக்கே கொண்டுபோனாள்.

பிரசாரத்தின் கடைசி நாள் காலையில் ஜீப் வந்தது. அவள் வாசலுக்கே வந்தது. ரிசார்ட் மேனேஜர் கிங்ஸ்டன் இறங்கி உள்ளே வந்து, காபியைக் குடித்துவிட்டு ஒரு கவரை மேசைமேல் வைத்தான். போஸ்டர் செலவுக்கு என்றான். ஜெயித்தால் தங்களை மறந்துவிடக் கூடாது என்றான்.

போஸ்டருக்காகத்தான் அவள் சங்கிலி அடகுக்கடையில் இருந்தது. வெறுங்கழுத்தைத் தடவிக்கொண்டாள். இத்தனை நாள் ஏங்கியது கண்முன்னே இருந்தது. எடுத்துவிடலாம் என்றுகூட விரல் நகர்ந்தது. அப்போது அந்தக் கனல் எரிந்தது.

"ஏனுங்க தம்பி, அந்த ஊட்டுக்கும் இதே அளவுதானுங்களா?"

"இதே கவர்தானுங்கக்கா. அவங்கதான் வேண்டாம்னுட்டாங்களே."

கவரின் ஒரு முனை கசங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தாள். இன்பமேரி தள்ளிவிட்ட முனை. அவள் கை பட்டு மிஞ்சியதுதான் இங்கே வந்திருக்கிறது. சசிரேகாவுக்குக் கண் கலங்கியது.

"எடுத்துட்டுப் போங்க. அவ வேண்டாங்கறது எனக்கெதுக்குங்க?"

கிங்ஸ்டன் தோளைக் குலுக்கிவிட்டுக் கவரைப் பையில் போட்டான். அவன் பின்னாலேயே அவளும் ஓடிவந்தாள். சொன்னதைத் தெருவறிய இன்னொரு முறை சொல்ல வேண்டும். ஆனால் வெளியே தெருவே இல்லை. காபி குடித்த நேரத்துக்குள் மலையிலிருந்து மூடுபனி இறங்கியிருந்தது. பஸ் ஸ்டாப் இல்லை, அங்கே நின்ற ஜனங்கள் இல்லை, எதிர்வீடு இல்லை. வெள்ளை ஜீப்பே பாதிதான் தெரிந்தது.

அவன் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

"செத்த இருங்க தம்பி" என்று சசிரேகா ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, அவன் மார்புக்குக் குறுக்கே எட்டி, ஹாரனை அழுத்தினாள். எதிரே பனிக்குள் எங்கோ ஒரு தாழ்ப்பாள் விலகும் ஓசை கேட்கும்வரை கையை எடுக்கவில்லை.