சுமதியின் ஃபைலில் நான் போட்ட தேதி

புற்றுநோய்ப் பதிவேட்டில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கு முதலில் தொற்றுவது சந்தேகம். தர்மபுரி மாவட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை. யாருக்கு என்ன புற்றுநோய், அது எந்த நாளில் உறுதியானது என்று விசாரித்து எல்லாவற்றையும் எண்களாக எழுதவேண்டும். ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வரிசை வரிசையாக நின்ற அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அங்கே ஒரு கேள்விக்கு ஒரே பதில் கிடைத்ததுண்டா, சொல்லுங்கள்?

தக்காளி நாற்றும் தேதியும்

பாப்பாரப்பட்டியிலிருந்து ஒரு விவசாயி வந்தார். வாயில் ஆறாத புண். எப்போது கண்டுபிடித்தார்கள் என்று கேட்டேன். "தக்காளி நாத்து நட்டப்ப" என்றார். "அட, காய் பறிக்கறப்பங்க" என்றார் சம்சாரம். டாக்டர் சீட்டில் மூன்றாவதாக ஒரு தேதி! இவர் சொல்வது வலி வந்த நாள், அந்தம்மா சொல்வது ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறின நாள். எனக்கு வேண்டியதோ சதைப் பரிசோதனையில் உறுதியான நாள். ஏதோ மறைக்கிறார்கள் என்று போலீஸ்காரன் மாதிரி குடைந்தேன். மனுஷர் சலித்துப்போய்ச் சொன்னார்:

"உங்களுக்கு எந்தத் தேதி வேணும்னு சொல்லுங்க சார், அதையே சொல்லிப்புடறேன்."

எனக்குப் பிடிக்காத 99

மாதம் தெரிந்து நாள் தெரியாவிட்டால், நாளுக்கான கட்டத்தில் 99 போடவேண்டும். எங்கள் விதி அது. எனக்கு அந்த 99-ஐக் கண்டாலே ஆகாது. வேலை செய்யாதவன் போட்ட எண் மாதிரி இருக்கும். மேலே இருப்பவர்கள் என்னைச் சந்தேகப்படுவார்களே என்று, மாதத்தின் நடுவில் இருக்கட்டும் என 15 போட்டுவிடுவேன். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கவிதா ரொம்ப நாள் முறைத்துக்கொண்டே இருந்தாள். ஒருநாள் கேட்டேவிட்டாள்:

"தெரியலன்னு சொல்றதுல உங்களுக்கு என்ன சார் கௌரவக் குறைச்சல்?"

மாமியார் காட்டிய சீட்டு

சுமதி, கடத்தூரில் வாழ்க்கைப்பட்ட பெண். கல்யாணமான புதிதிலேயே மார்பில் புற்றுநோய். முதல் கீமோ ஊசி போட்டாயிற்று, இரண்டாவதுக்கு ஆள் வரவில்லை. மாமியார்தான் வந்தார், கையில் அவள் ஃபைல். அதில் நான் எழுதிக் குத்திவைத்த பதிவேட்டுச் சீட்டை விரல் வைத்துக் காட்டினார். நோய் உறுதியான தேதி 15. கல்யாணம் அதே மாதம் 18. தெரிந்தே மறைத்துக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று மகன் செல்வத்திடம் சண்டை போட்டு, மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டாராம். ஊசியும் அதோடு நின்றுபோயிருக்கிறது.

எனக்கும் உடனே பெண்வீட்டார் மேல்தான் சந்தேகம் போயிற்று, பாருங்கள்! என் கையெழுத்து கண்ணெதிரே இருக்கிறது, அதைச் சந்தேகப்படத் தோன்றவே இல்லை. விசாரிக்கிறேன் என்றேன். அந்தம்மா சொன்னார்:

"விசாரிக்க என்னங்க இருக்குது? கெவர்மெண்டு சீட்டு பொய் சொல்லுமா?"

மாரண்டஹள்ளி விசாரணை

வீட்டுக்கே போய் விசாரிப்பதும் எங்கள் வேலைதான். கள்ளத்தனத்தைப் பிடித்துவிடும் மிதப்பில், சுமதியின் தாய்வீடு இருக்கும் மாரண்டஹள்ளிக்குப் பஸ் ஏறினேன். சுமதி தலையில் துண்டு கட்டிக்கொண்டு வந்து, பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வெளியே ஒரு லேபில் எடுத்த பயாப்சி முடிவு. தேதி அதே மாதம் 30. கல்யாணமாகி நாலாம் நாள் குளிக்கும்போதுதான் கட்டி தட்டுப்பட்டதாம். இதைக் காட்டியும் மாமியார் நம்பவில்லை. காசு கொடுத்தால் லேபில் எதையும் அடித்துத் தருவார்கள் என்றாராம்.

டாக்டர் குறிப்பில் மாதம் மட்டும்தான் இருந்தது. இந்தத் தாளைத் தேடாமல், வழக்கம்போல 15 போட்டவன் நான்தான். வெட்கமாக இருந்தது, ஆனாலும் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை.

"அந்த ஒரு தேதிக்குத்தான் என்னை வூட்டை வுட்டு அனுப்பினாங்க. அதை நீங்க சும்மாவா போட்டீங்க சார்?"

திருத்தத்துக்குக் கிடைத்த மரியாதை

மறுநாளே லேபுக்குப் போய் அவர்கள் பதிவோடு ஒத்துப் பார்த்தேன். சீட்டைத் திருத்தினேன். சுமதியிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு கடத்தூருக்குப் போய், தப்பு என்னுடையது, அந்தப் பெண்ணுக்கு முன்னால் எதுவும் தெரியாது, ஊசி தள்ளிப்போனால் உயிருக்கே ஆபத்து என்று தாய், மகன் இருவரிடமும் சொன்னேன். செல்வம் தாளை வாங்கி இரண்டு முறை படித்தான். மாமியார் தாளைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் மேலும் கீழும் பார்த்தார்.

"தேதியை மாத்தறதுக்குப் பொண்ணு வூட்டுல உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

இரண்டாவது ஊசி

அடுத்த திங்கட்கிழமை செல்வம் சுமதியைக் கூட்டிக்கொண்டு வந்தான். அம்மாவிடம் சண்டை போட்டுவிட்டு மாரண்டஹள்ளியிலேயே அவளோடு இருக்கிறானாம். அப்பாடா என்று எனக்கு உயிர் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் நானே எழுந்துபோய், அன்றைய தேதியைக் குறிக்க ஃபைலைக் கேட்டேன். சுமதி கொடுக்கவில்லை. மடியில் ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தாள். பயாப்சி, ரத்தப் பரிசோதனை, முதல் ஊசி எல்லாம் தேதியோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நர்ஸிடம் கையெழுத்து வாங்கியிருந்தாள். அதை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இனிமே தேதியெல்லாம் நானே எழுதிக்கறேன் சார், நீங்க இதைப் பார்த்துக் காப்பி பண்ணிக்கங்க."

ஊரையே சந்தேகப்படச் சம்பளம் கொடுத்தார்களே ஒழிய, என்னைச் சந்தேகப்பட ஒரு ஆளைப் போடவில்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் நான் கண்ட ஒரே குறை.