கெட்டில்காரரின் கொள்ளுப்பேத்தி

எங்கள் மில் மூடிய மறு வருடம், அதைப் படம் எடுக்க ஒரு ஸ்காட்லாந்து அம்மா வந்திருந்தார். அறுபது வயது, முகம் நிறையச் செம்புள்ளிகள். புதுச்சேரியில் பல வருடம் இருந்ததில் நன்றாகத் தமிழ் பேசினார். யார் டீ கொடுத்தாலும், "யாரு போட்டது?" என்று கேட்டுவிட்டுத்தான் குடிப்பார்.

என் வீட்டிலும் கேட்டார். "எங்க வீட்டுக்காரம்மா" என்றேன். அவளோ சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போயிருந்தாள். சமையல், துணி எல்லாம் நான்தான்.

பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை. "பொய் சொல்றாரும்மா! அண்ணிக்கு அடுப்பு எந்தப் பக்கம்னே மறந்துபோச்சு. எல்லாம் அண்ணன் கைவண்ணந்தான்!"

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த அம்மா டீயை ஒரு வாய் குடித்தார்.

"எங்க கொள்ளுத்தாத்தாவும் இப்படித்தான், தம்பி. விக்டோரியா ராணி காலம். எங்க ஊரு சணல் மில்லுல பொம்பளைங்களுக்குக் கூலி கம்மி, அதனால அவங்களுக்குத்தான் வேலை. வீட்ல இருந்து டீக்கெட்டில அடுப்புல வைக்கிற ஆம்பளைக்கு ஊரு வச்ச பேரு கெட்டில்காரன். அவரு எத்தன டீ போட்டாரோ, ஒருத்தரும் அதப் பத்திப் பேசல. அதான் யாரு போட்டதுன்னு நான் கேக்கறேன்."

"அவருக்குக் கோவம் வராதாம்மா?" என்றேன்.

"தெரியல. கதவச் சாத்திக்கிட்டுத்தான் துணி தொவைப்பாராம். வெளிய காயப்போட மாட்டாராம், உள்ளயே நிலக்கரி அடுப்புப் பக்கத்துலதான். ஒரே ரூமு, ஒம்பது பேரு."

பிறகு அவரை நான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் மனைவியின் புடவையைத் தெருக்கொடியில்தான் உலர்த்துகிறேன். அப்போதெல்லாம் ஒரு யோசனை வரும்: நிலக்கரிப் புகை, ஈரத்துணி, சாத்திய கதவு. அந்த மனுஷன் எப்படித்தான் மூச்சு விட்டார்?