டிராகன் காசும் சிவப்பு டேக்கும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒரகடத்தில் இரும்புத் தகட்டை அழுத்திப் பாகம் செய்யும் ஒரு பிரஸ் ஷாப்பில் ஆறு வருடமாக இன்ஸ்பெக்‌ஷன் மேசையில் நிற்கிறேன். அந்த வாயால் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அளவே இல்லை.

எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்க வந்திருந்த ஜப்பான்காரர் ஊருக்குக் கிளம்பும் நாள். வயது அறுபது. காட்டிவிட்டுப் போகலாம் என்று ஒரு செப்புக் காசைக் கவரோடு என் மேசையில் வைத்தார். ஒரு பக்கம் சுருண்டு கிடக்கும் டிராகன். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், அவர்கள் நாட்டில் புது மாதிரிக் காசு வந்த காலத்தில், சும்மா அடித்துப் பார்த்ததாம். மேலிடத்துக்குப் பிடிக்கவில்லை. ஒரு கடைக்கும் போகாத காசு அது. அந்த மாதிரி நாலைந்துதான் மிச்சம் என்றார்.

"அப்போ இது டிரையல் பீஸு. ரிஜெக்ட் ஆயிடுச்சி, அதான சார்?" என்று, கழித்த பீஸில் நாங்கள் ஒட்டும் சிவப்பு டேக்கை எடுத்துக் கவரில் ஒட்டினேன். அவரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்துக்கொண்டே நானும் அவரும் டீ குடிக்கப் போனோம்.

திரும்பி வந்தால் மேசை காலி.

"சிவப்பு டேக்கு கீதேன்னு ரிஜெக்ட் தொட்டில போட்டேன். அதையும் ஸ்கிராப் வண்டில கொட்டிட்டாங்களே!" என்றாள் பக்கத்து மேசை அக்கா. ரூல் என்றால் ரூல், அவளுக்கு.

ஜப்பான்காரர் முகம் வெளுத்துவிட்டது. "அப்பா காசு," என்றார், தெரிந்த தமிழில். "அப்பா பீரோ. கேக்காம எடுத்தேன்."

அறுபது வயதில்! அந்தப் பயத்திலும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வண்டி நிறைய இரும்புத் துண்டுகள். கையை விட்டால் கிழித்துவிடும். அக்காதான் சொன்னாள்: "செம்பு காந்தத்துல ஒட்டாதில்ல? இரும்ப மொத்தமா தூக்கிட்டா அடியில இன்னா கீதுன்னு பாத்துக்கலாம்."

காந்தக் கிரேன் வந்தது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் நாங்கள் 'ஓ' என்று கத்தினோம். ஏழாவது தூக்கில் வண்டியின் அடி தெரிந்தது. நாலு கிழிந்த கையுறை, நடுவில் கவர், கவருக்குள் டிராகன். அக்கா விசிலடித்தாள்! அவர் கிரேன்காரருக்கு இடுப்பு வளையக் கும்பிடு போட்டார். நான் குதித்ததில் என் ஹெல்மெட் கழன்று ஓடியது.

பிறகு எங்களை வரிசையாக நிற்க வைத்தார். தப்பு நடந்தால் மறைக்காதே, உடனே மேலே சொல் என்று நாலு வருடமாக எங்கள் காதில் ஓதிய மனிதர், குரலைத் தாழ்த்திக்கொண்டு கெஞ்சினார்.

"அப்பாகிட்ட மட்டும் சொல்லாதீங்க."

அவருடைய அப்பா இதோ பக்கத்து வடக்குப்பட்டு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருப்பது போல, நாங்களும் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தோம்.