ஐந்தாம் பாகத்துக்கு ஒட்டிய அஞ்சலி

சிதம்பரத்தில் கல்யாண வீடியோ எடுக்கும் மணவாளனுக்கு எதைப் பார்த்தாலும் இளக்காரம்தான். டிரோன் விட்டுக் கல்யாணம் எடுக்கிறவர்களைப் பார்த்தால், "மொட்டை மாடியில காயுற வத்தல எடுக்கவா அம்மாம் ஒசரம் போறான்?" என்பார். மாப்பிள்ளையையும் பெண்ணையும் பிச்சாவரம் படகில் உட்காரவைத்து எடுக்கிறவர்களைக் கண்டால் காறித் துப்பாத குறை. இருபத்தேழு வருஷமாகத் தோளில் கேமரா. தாலி கட்டும் நேரத்தில் எவன் இடித்தாலும் அவர் கை ஆடாது. அந்தக் கையைப் பற்றி அவருக்குக் கர்வம் உண்டு. அதை மறைக்கிற பழக்கமும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் பெயர் எங்கேயும் இல்லை. கல்யாண வீடியோவில் பெண் பெயர் வரும், மாப்பிள்ளை பெயர் வரும், தாய்மாமன் பெயர் வரும், ஒரு தடவை சமையல் மாஸ்டர் பெயர்கூட வந்தது. எடுத்தவன் பெயர் மட்டும் வராது. ஸ்டுடியோ பெயர்தான் வரும். ஐம்பத்திரண்டு வயசில் அவருக்கு மிச்சமிருந்த ஒரே ஆசை, ஏதாவது ஒரு திரையில் 'ஒளிப்பதிவு: மணவாளன்' என்று பார்த்துவிட வேண்டும் என்பது. இந்த ஆசையைத்தான் அவருடைய மச்சான் இளவரசு மோப்பம் பிடித்தான்.

இளவரசு, அவர் மனைவி கொளஞ்சியம்மாளின் கடைசித் தம்பி. பண்ருட்டிக்காரன். அக்கா இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. இன்ஜினியரிங் முடித்துவிட்டுப் பேய்ப்படம் எடுக்கக் கிளம்பினான். அதுவும் சாதாரணப் பேய்ப்படம் இல்லையாம். நாலு பேர் ஒரு பாழடைந்த வீட்டுக்குள் போய்க் காணாமல் போகிறார்கள். அவர்களுடைய மெமரி கார்டு மட்டும் பிற்பாடு கிடைக்கிறது. அதில் இருப்பதுதான் படம். பெயர் 'கண்டெடுத்த கார்டு'.

முதல் பாகத்தைப் பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்புக் கொல்லையை ஒட்டிய இடிந்த வீட்டில் எடுத்தார்கள். மணவாளன்தான் கேமரா. பேய் வருவதற்கு முன்னால் ஒரு பெருச்சாளி வந்தது. அது பாதத்தின்மேல் ஏறி ஓட, மனுஷர் "ஐயோ அம்மா" என்று கத்திக்கொண்டு கரும்புக்குள் பாய்ந்து குப்புற விழுந்தார். கேமரா பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த ஒன்றரை நிமிஷத்துக்காகத்தான் யூடியூபில் எட்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

"எம் பேரு எங்கடா?" என்று கேட்டார் மணவாளன்.

"மாமா, எடுத்தவன் செத்துட்டான்னுதான் கதையே. செத்தவன் பேர எப்டிப் போடறது? அடுத்த பார்ட்டுல பாத்துக்கலாம்."

அடுத்த பாகம் வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. பெயர்தான் வரவில்லை. பாகம் ஏற ஏறப் படம் பல்லிளித்தது. மூன்றாம் பாகத்தில் பேய் வரும் முன்னால் வயலின் கேட்டது. "செத்தவன் கார்டுல மியூசிக் போட்டது யாருடா? பேயி பிடிலோட வந்துச்சா?" என்று கேட்டார். நான்காம் பாகத்தைத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பட்டப்பகலில் எடுத்துக் கம்ப்யூட்டரில் இருட்டாக்கினார்கள். ஓடுகிறவன் கையில் கேமரா இருக்கிறது. அவன் ஓடுவதும் படத்தில் தெரிகிறது. "அப்ப அவன எடுக்கறது யாரு? பேயா? தொரத்துறதா, ஷூட்டிங் பண்றதா, எத்தினி வேலடா செய்யும் அது?"

இளவரசு சிரித்து மழுப்பினான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவர் ஆடாமல் அசையாமல் எடுத்துக் கொடுத்த காட்சியை, பயமாக இருக்கட்டும் என்று கம்ப்யூட்டரில் போட்டு ஆட்டினான் பாருங்கள், அதுதான் அவருக்கு வயிற்றெரிச்சல். பயமாவது ஒன்றாவது. பார்த்தவர்களுக்கு வாந்தி வந்தது. குடும்பத்தோடு பார்த்துச் சிரிக்கலாம் என்று கீழே ஒருவன் எழுதியிருந்தான்.

"இப்டித் திட்டிக்கினே போறீங்களே, அப்பறம் எதுக்குத்தான் போறீங்க?" என்று கொளஞ்சியம்மாள் கேட்டாள்.

மணவாளன் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் பாகம் கடலூரில் தியேட்டரிலேயே வெளியாகப்போகிறது என்று இளவரசு வந்து நின்றான். "மாமா, இந்தத் தடவ உங்க பேரு கண்டிப்பா வருது. படத்துல மட்டுமில்ல, போஸ்டர்லயே வருது. பெருசா. உங்க போட்டோ ஒண்ணு வேணும்."

கேட்டதுதான் தாமதம், மணவாளன் தலைக்கு மை போட்டார். சந்தனக் கலர் சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டார். "பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கொளஞ்சியம்மாள் கேலி செய்தாள். ஊரையே இளக்காரம் பேசுகிற வாய் அன்றைக்குக் கல்யாணப்பெண் மாதிரி மூடிக்கொண்டு சிரித்தது.

படம் வருவதற்கு முதல் நாள் கடலூரில் ஒரு மண்டபத்தில் காதுகுத்து. மணவாளன் முந்தின நாளே போய் அங்கேயே தங்கிவிட்டார். வேலை என்று இறங்கிவிட்டால் போனை அணைத்துவிடுவது அவர் வழக்கம். குழந்தை காதில் ஊசி இறங்குகிற நேரத்தில் எவனுடைய ரிங்டோனோ கேட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தன்னுடையது கேட்டால் இன்னும் அசிங்கம்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும், காது குத்தி முடிந்திருந்தது. காய்கறி வாங்கப் போயிருந்த சமையல் மாஸ்டர் கோவிந்தசாமி வாசலில் பையைத் தொப்பென்று போட்டுவிட்டு அவரையே பார்த்தார்.

"யோவ், நீ இங்கியா கீற? வெளிய உன்னச் செவுத்துல ஒட்டியிருக்குய்யா!"

மணவாளன் கேமராவோடு வெளியே வந்தார். எதிர்ச்சுவரில் அவர் முகம். சந்தனக் கலர் சட்டை. கீழே முழம் உயரத்துக்கு 'மணவாளன்'. உள்ளதைச் சொன்னால் என்ன, முதலில் அவருக்கு மார்பு நிமிர்ந்தது. ஐந்தே எழுத்து, எவ்வளவு அழகாக இருக்கிறது என்று நினைத்தார். அப்புறம்தான் மேலே பார்த்தார்.

கண்ணீர் அஞ்சலி.

படத்துக்கு ரோஜா மாலை. இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தோற்றம் என்று அவர் பிறந்த தேதி. மறைவு என்று நேற்றைய தேதி. 'கண்ணீருடன்: மனைவி கொளஞ்சியம்மாள், மைத்துனர் இளவரசு'. சுவரில் மூக்கு உரசும்படி நின்றால்தான் தெரிகிற எழுத்தில், அடியில், 'கண்டெடுத்த கார்டு 5, வெள்ளி முதல்'.

"அடப்பாவி" என்றார்.

சிதம்பரத்திலும் ஒட்டியிருப்பானே என்று அப்போதுதான் உறைத்தது. போனைத் திறந்தார். கொளஞ்சியம்மாளிடமிருந்து நாற்பத்தாறு அழைப்புகள். கூப்பிட்டார். பக்கத்து வீட்டு அருள்மொழி எடுத்தாள். பின்னால் அழுகைச் சத்தம்.

"நாந்தாம்மா மணவாளன் பேசறேன்."

அருள்மொழி அலறிய அலறலில் போன் கட்டாகிவிட்டது. ஐந்து பாகம் எடுத்தும் ஒரு ஜீவனை இப்படி அலற வைக்க முடியவில்லை இளவரசுவால். மறுபடி கூப்பிட்டார், யாரும் எடுக்கவில்லை. செத்தவன் நம்பரை எவன் எடுப்பான்?

கேமராவை மாஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டு பஸ் ஏறினார். ஆலப்பாக்கத்தில் ஒட்டியிருந்தது. புதுச்சத்திரத்தில் ஒட்டியிருந்தது. முட்லூரில் நிழற்குடை முழுக்க அவர்தான். பக்கத்து சீட்டுக்காரம்மா போஸ்டரைப் பார்த்து, அவரைப் பார்த்து, எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டாள். ஒரு பெயருக்காக இத்தனை வருஷம் நாய் மாதிரி அலைந்தோமே என்று தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.

தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. பண்ருட்டியிலிருந்து ஒரு வேன் ஜனம் மாலையோடு இறங்கியிருந்தது. அவரைக் கண்டதும் கூட்டம் இரண்டாகப் பிளந்தது.

கொளஞ்சியம்மாள் சுவரோரம் தலைவிரி கோலமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தாலிக்கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. அவரைப் பார்த்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் காலைப் பார்த்தாள். இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கிறதா என்று பார்த்தாள். அப்புறம்தான் ஓவென்று அழுதாள்.

"போனு போவுல. தம்பிக்குப் போட்டேன், அவனும் எடுக்கல. அவம் பேரு போட்டிருந்துச்சேங்க. அவன் பொய் சொல்லுவானான்னு நம்பிட்டேன்."

அப்போது ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அக்கா, அப்டியே இரு. மூஞ்ச லேசா இந்தப் பக்கம் திருப்பு. சூப்பரு. இதாங்க்கா ரியலு. எந்தப் பார்ட்டுலயும் இது மாதிரி வல்ல."

இளவரசு. கையில் கேமரா. காலையிலிருந்தே அங்கேதான் ஒளிந்து நின்று எடுத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

மணவாளன் கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தார்.

"இன்னா மாமா? ரெண்டு ஊரு பூரா உங்க பேருதான். நீங்க கேட்டதுதான?"

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றுவிட்டது. கேட்டது உண்மைதான்.

கொளஞ்சியம்மாள் எழுந்தாள். கண்ணைத் துடைத்தாள். கூந்தலை அள்ளி முடிந்தாள். நேராகத் தம்பியின் கேமராவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"எம் புருசன் செத்துட்டாருன்னு ஊரெல்லாம் ஒட்டிட்ட. கூடப்பொறந்தவன், உம் பேரயும் போட்டுட்ட. சரி. தாலியறுக்கறவளுக்குப் பொறந்த வூட்டுலேர்ந்து புதுச் சேல வரணுமே. எனக்குக் கோடி எங்கடா?"

"அக்கா, சும்மா ஒரு புரோமோசனுக்கு..."

"எடுத்துக்கினு வா. உங்கையாலயே எனக்குப் போத்தி வுடு. அதயும் படம் புடி."

இளவரசுவின் கேமரா தரையைப் பார்த்தது. பண்ருட்டியிலிருந்து வந்திருந்த அவளுடைய சித்தப்பா, மடியில் வைத்திருந்த ஜவுளிக்கடைப் பையை மெதுவாக நாற்காலிக்கு அடியில் தள்ளினார்.